அடிக்கடி ஊர் சுற்றக் கட்டுப்படியாகுமா? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் அவிநாசி பக்கத்து ஊர்க்காரி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார், இரண்டு கறவை மாடு, இதுதான் எங்கள் குடும்பம். ஒவ்வொரு தடவை வெளியூர் போய் வந்ததும் கம்பெனி சாப்பாட்டு நேரத்தில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், பால் சொசைட்டி வாசலில் என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்விகள்தான் வரும். யாருக்கு எதைச் சொன்னேன் என்பதே மறந்துபோகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஏன் அம்மணி, உங்களுக்கு மட்டும் எங்கிருந்து இத்தனை காசு வருது?

இரண்டு சம்பளம்தான். தோட்டம், வாடகை வருமானம் எதுவும் இல்லை. பால் காசு மாமியாருடையது, அதில் கை வைக்க மாட்டோம். கேட்கிறவர்கள் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது: ஒரு தடவை வெளியூர் போனால் முப்பதாயிரம், இவர்கள் வருடத்தில் ஏழு தடவை போகிறார்கள், ஆக இரண்டு லட்சத்துக்கு மேல். அந்த முப்பதாயிரம்தான் எங்களுக்குப் பொருந்தாது.

வாடகைக் கார், மே மாதச் சீசன், சனி ஞாயிறு, மலை தெரிகிற ரூம், மூன்று வேளையும் ஓட்டல் என்று போனால் முப்பதாயிரம் கண்டிப்பாக ஆகும். நாங்கள் அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறோம். எல்லோரும் போகாத நாளில் போகிறோம். ஏழில் பாதி ஒரு ராத்திரிக்குள் முடிகிற பயணம். அடிக்கடி போகிறவர்களில் எனக்குத் தெரிந்த பெரும்பாலோர் இப்படித்தான் போகிறார்கள். பெரிய செலவில் அடிக்கடி போக எங்களால் முடியாது, சின்னச் செலவில் முடியும்.

வருசத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகுது? சும்மா சொல்லாம, கணக்கா சொல்லுங்க.

போன வருட நோட்டைப் பார்த்தே சொல்கிறேன். எல்லாம் மூன்று பேருக்கு. ஹம்பி 11,400. சிதம்பரம், தரங்கம்பாடி 6,800. ஊர்க்காரர்களோடு வேனில் நவக்கிரகக் கோயில்கள் 6,900. குற்றாலம் 4,100. வால்பாறை 3,200. கொல்லிமலை 2,600. கொடிவேரி ஒரு நாள் 700. கூட்டினால் 35,700 ரூபாய், மாதத்துக்கு மூவாயிரம் ஒதுக்கினால் போதும்.

இதில் பெரியது ஹம்பிதான், அதை மட்டும் பிரித்துக் காட்டுகிறேன். ரயில் 3,300. ரூம் ஒரு ராத்திரிக்கு 1,300. சாப்பாடு 3,400. ஹம்பிக்குள் பஸ், ஆட்டோ, துங்கபத்திரையில் படகு எல்லாம் 1,600. வழியில் பெங்களூரில் ஒரு பகல் இருந்ததற்கு 1,300. விட்டலர் கோயில் பகுதிக்கு நுழைவுச்சீட்டு ஆளுக்கு 40 வீதம் 80 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இலவசம் என்பதால் மகளுக்குச் சீட்டு இல்லை. அவள் வாங்கிய தொப்பி, கல் யானை 420.

இதில் கவனிக்க வேண்டியது ரூம் செலவு. வெள்ளிக்கிழமை ராத்திரி திருப்பூரில் ரயில் ஏறினோம். சனிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து, ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொஸ்பேட்டைக்கு ஹம்பி எக்ஸ்பிரஸ். திங்கட்கிழமை ராத்திரி அதே ரயிலில் திரும்பி, செவ்வாய் பெங்களூரிலிருந்து பகல் ரயிலில் வீடு. நான்கு ராத்திரியில் மூன்று ரயிலிலேயே தூங்கினோம். மூன்று நாள் லாட்ஜ் வாடகை மிச்சம், பகலும் வீணாகவில்லை.

மாசம் மூவாயிரம் எடுத்து வைக்கறதுக்கு எங்களுக்கு எங்கீங்க முடியும்?

எல்லோராலும் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். குழுக் கடன் தவணை, நகை அடகு வட்டி, கைமாத்து எல்லாம் கழுத்தைப் பிடிக்கும்போது ஊர் சுற்றும் காசை ஒதுக்குவது சரியில்லை. முதலில் அதிக வட்டிக் கடனை அடையுங்கள். அதுவரை பஸ்ஸில் போய்ப் பொழுது சாய வீடு திரும்புகிற இடங்களே போதும், எங்கள் பக்கத்தில் அதற்குக் குறைவில்லை.

கடன் பாரம் இல்லாதவர்கள் சின்னதாகத் தொடங்கலாம். திருப்பூரில் நிறைய பேருக்குச் சனிக்கிழமை வாரச் சம்பளம். வாரம் 200 ரூபாய் என்றால் வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சேரும். அது இரண்டு மூன்று சின்னப் பயணம். நாங்களும் அங்கேதான் ஆரம்பித்தோம், 3,000-க்கு வர ஐந்து வருடம் ஆனது. காசு வீட்டுச் செலவுக் கணக்கில் கலந்து கிடந்தால் நிற்காது. சம்பளம் வந்த மறுநாளே, மாதாமாதம் கட்டிச் சேர்க்கிற வங்கி ஆர்.டி.க்குத் தானாகப் போகிற மாதிரி வைத்திருக்கிறோம். தபால் ஆபீஸ் ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், நம்பிக்கையானதும்கூட. ஆனால் அது ஐந்து வருடத் திட்டம். வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய காசுக்கு வங்கியில் 12 மாதத்துக்குப் போடுவதுதான் தோது.

ஏலச்சீட்டில் போடலாமா என்றும் கேட்கிறார்கள். 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பார்த்துப் போடுங்கள். தெரிந்தவர் வீட்டில் பிடிக்கிறார் என்பதற்காகப் போட்டுவிட்டு, எடுக்கப் போன மாதத்தில் சீட்டு உடைந்த கதை எங்கள் சொந்தத்திலேயே உண்டு.

டிக்கெட்டை எப்போ போட்டா கம்மியா கிடைக்கும்?

சாதாரண எக்ஸ்பிரஸ் ரயிலில் ஸ்லீப்பர் கட்டணம் முன்கூட்டிப் போட்டாலும் கடைசியில் போட்டாலும் ஒன்றுதான். சீக்கிரம் போட்டால் கட்டணம் குறையாது, படுக்கை உறுதியாகும். இது தெரியாமல் சிலர், இனிமேல் போட்டால் விலை ஏறியிருக்கும் என்று பஸ்ஸுக்குப் போய்விடுகிறார்கள். கிடைக்காமல் தட்காலுக்குப் போகும்போதுதான் கூடுதல் காசு. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது, முன்பு 120 நாள். எங்கள் வீட்டுக் காலண்டரில் பயண நாளைக் குறிக்கும்போதே பதிவு திறக்கும் நாளையும் குறித்துவிடுவோம். தட்கால் பயணத்துக்கு முந்தின நாள், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இப்போதே இணைத்து வையுங்கள், 2025 ஜூலையிலிருந்து அது இல்லாமல் இணையத்தில் தட்கால் போட முடியாது. உறுதியான தட்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் காசு திரும்ப வராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

விமானமும் ஆம்னி பஸ்ஸும் வேறு மாதிரி. அங்கே கூட்டத்துக்குத் தகுந்தபடி விலை ஏறி இறங்கும். செவ்வாய், புதனில் கிளம்பினால் வெள்ளிக்கிழமை விலையில் பாதிக்குக்கூட பஸ் கிடைத்திருக்கிறது.

ஒரே ரயில் டிக்கெட்டுல நடுவுல எறங்கிட்டு மறுபடி ஏறலாமுங்களா?

ஏறலாம். இது நிறைய பேருக்குத் தெரியாத நல்ல வசதி. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில், முதல் 500 கிலோமீட்டரைத் தாண்டின பிறகு ஓர் ஊரில் இறங்கி இரண்டு நாள் வரை தங்கலாம். டிக்கெட் 1,000 கிலோமீட்டருக்குள் என்றால் ஒரு தடவை, அதற்கு மேல் என்றால் இரண்டு தடவை. கவுண்டரில் டிக்கெட் எடுக்கும்போதே எங்கே இறங்கப் போகிறோம் என்று சொல்லி, அடுத்த ரயிலுக்கும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ராஜதானி, சதாப்தி போன்ற ரயில்களில் இது செல்லாது.

இதில் என்ன லாபம் என்றால், ரயிலில் தூரம் கூடக்கூட ஒரு கிலோமீட்டருக்கு ஆகிற கட்டணம் குறைந்துகொண்டே போகும். மூன்று துண்டு டிக்கெட்டைவிட ஒரு நீள டிக்கெட் மலிவு. நீண்ட பயணத்துக்கு இன்னொன்றும் இருக்கிறது, சர்க்குலர் ஜர்னி டிக்கெட். புறப்பட்ட ஸ்டேஷனுக்கே திரும்பி வருகிற மாதிரி, நடுவில் எட்டு இடம் வரை இறங்கிக்கொள்ளலாம். வழியை நாமே வகுத்தால் சேலம் கோட்ட வணிகப் பிரிவில் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நாள் நிறைய கையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

தங்கறதுக்குத்தானுங்க பாதிக் காசு போகுது?

ஹம்பிக் கணக்கில் சொன்ன மாதிரி ராத்திரிப் பயணம் முதல் வழி. குழந்தை, பெரியவர்களோடு தொடர்ந்து இரண்டு ராத்திரிக்கு மேல் அப்படிச் செய்யாதீர்கள், உடம்பு கேட்காது.

அப்புறம் கோயில் ஊர் என்றால் தேவஸ்தான விடுதி. பழனி, திருச்செந்தூர், ராமேஸ்வரம் எல்லாவற்றிலும் உண்டு. சுத்தமாக இருக்கும், கோயிலும் பக்கம். ரயில் டிக்கெட் இருந்தால் பெரிய ஸ்டேஷன்களில் ஓய்வறையை இணையத்தில் பதியலாம். குளித்துவிட்டு உடனே ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு அரை நாள் போதும். லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே எடுக்காமல் பத்து நிமிடம் நடந்து உள்ளே போய் விசாரியுங்கள். பாத்ரூமைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

வெளியில சாப்புட்டா காசும் போகுது, ஒடம்புக்கும் ஆகறதில்லை. நீங்க என்ன பண்றீங்க?

முதல் நாளுக்குக் கட்டுச்சோறு. புளிச்சோறு கிளறி ஆற வைத்துக் கட்டினால் மறுநாள் மத்தியானம் வரை தாங்கும். இரண்டாவது நாளிலிருந்து காலை டிபன் மட்டும் வெளியே. மின்சாரத்தில் ஓடுகிற சின்ன குக்கர் ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கினோம், பயணப் பையில் அதற்கென்றே ஓர் இடம். அரிசி, துவரம்பருப்பு, சீரகம், மஞ்சள்தூள், வரமிளகாய் எல்லாம் வீட்டிலேயே கலந்து ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிவிடுவேன். ரூமில் அனுமதி கேட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தால் அரைமணியில் அரிசிம்பருப்பு சாதம். மேலே ஊற்ற நல்லெண்ணெய் ஒரு சின்ன பாட்டிலில். ஹொஸ்பேட்டையில் வெயிலில் நடந்து திரும்பிய ராத்திரி, அந்த வாசம் ரூம் முழுக்க எழுந்தபோது மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு குக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் அந்த ஊர்ச் சாப்பாட்டை ஒரு வேளையாவது நல்ல இடத்தில் சாப்பிடுவோம். காசை மிச்சம் பிடிக்கிறோம் என்று அதையும் விட்டுவிட்டால் போனதற்கே அர்த்தமில்லை.

மாடு கன்னு இருக்குதுங்க. நாங்க போயிட்டா ஆரு பால் கறப்பா?

எங்கள் பக்கத்தில் காசைவிடப் பெரிய தடை இதுதான். பத்து வருடமாகப் பக்கத்து ஊர்த் தேரைக்கூடப் பார்க்காத குடும்பங்களை எனக்குத் தெரியும். மாமியாரும் முன்பு எங்களோடு வரமாட்டார்.

நாங்கள் செய்த ஏற்பாடு இது. பக்கத்துத் தோட்டத்து அக்கா இரண்டு வேளையும் வந்து கறந்து, தன் அட்டையிலேயே சொசைட்டியில் ஊற்றிக்கொள்வார். அந்த நாட்களின் பால் காசு அவருக்கே. தீவனமும் சோளத்தட்டும் நாங்கள் எடுத்து வைத்துவிடுவோம். தைப்பூசத்துக்கு அவர்கள் குடும்பம் பழனிக்கு நடந்து போகும் வாரத்தில் அவர்கள் மாட்டை நாங்கள் பார்ப்போம். காசு கொடுத்து ஆள் வைத்தால் ஒரு பயணத்தின் பஸ் செலவு அதற்கே போய்விடும்.

முதல் தடவை சிக்கல் வந்தது. புது ஆள் கை வைத்ததும் மாடு பால் சுரக்கவில்லை. அதற்கப்புறம் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னாலேயே அந்த அக்காவை வரச் சொல்லி, மாமியார் பக்கத்தில் நிற்கக் கறக்க வைத்தோம். போகிற நாளில் மாமியாரின் பழைய சேலை ஒன்றைக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போவோம், அக்கா அதைச் சுற்றிக்கொண்டுதான் கறப்பார். மாடு பேசாமல் நின்றது. கன்று ஈனும் மாதத்தில் மட்டும் நாங்கள் எங்கும் போவதில்லை.

பீஸ் ரேட்டுல ஓடற எங்களுக்கு ஒரு நாள் போகலைன்னா சம்பளம் போச்சே?

பயணச் செலவு என்று எழுதும்போது நிறைய பேர் விட்டுவிடுகிற தொகை இதுதான். நாளைக்கு 750 ரூபாய் சம்பாதிக்கிற இரண்டு பேர் மூன்று நாள் லீவு போட்டால் 4,500 ரூபாய் வரவு நிற்கிறது. எங்கள் குற்றாலச் செலவைவிட அதிகம். அதனால் கம்பெனி ஓடாத நாளில் போவதுதான் முதல் சிக்கனம்.

தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள் என ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை சட்டப்படி உண்டு. அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையோடு ஒட்டி வந்தால் போதும். சட்டம் கேட்கிற அளவு நாள் வேலை பார்த்தவர்களுக்கு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பள லீவும் சேரும். அதைக் கேட்டு வாங்குங்கள், கேட்காமலே விடுகிறவர்கள்தான் அதிகம். ஆர்டர் குறைந்து ஷிப்ட் இல்லாத வாரங்களும் வரும். பவர் டேபிளில் தைக்கிற எங்கள் செட்டுக்காரம்மா ஒருவர் அந்த வாரத்துக்காகவே ஒரு பை மடித்து வைத்திருக்கிறார்.

தீபாவளிக்குக் கம்பெனி ஒரு வாரம் மூடும். அப்போது திருப்பூரே காலியாகி ஊருக்குப் போகிறது, பண்டிகைக்கு முந்தின இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டில் நிற்க இடமிருக்காது. நாங்கள் தீபாவளி அன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, சாயந்திரம் கிளம்புவோம். அன்று ராத்திரி பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் படுத்துக்கொண்டு போயிருக்கிறோம்.

ஆபீஸ் வேலைல இருக்கறவங்களுக்கு எல்டிஏ குடுப்பாங்கன்னு சொல்றாங்களே?

எல்டிஏ என்றால் லீவில் ஊர் போய்வரக் கம்பெனி கொடுக்கிற பயணப் படி. சம்பளச் சீட்டில் அப்படி ஒரு வரி இருந்தால்தான். நான்கு வருடத்துக்கு இரண்டு பயணம், இந்தியாவுக்குள் மட்டும், டிக்கெட் செலவுக்கு மட்டும் வரி விலக்கு. ரூம், சாப்பாடு சேராது. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஊரே சேர்ந்து வேன் புடிச்சுப் போனா எச்சாகுமா கம்மியாகுமா?

ஆள் நிறைந்தால் கம்மி. நவக்கிரகக் கோயில்களுக்கு 18 பேர் மூன்று நாள் போனோம், ஆளுக்கு 2,300. மொத்தம் 41,400. அதில் டீசலோடு வேன் வாடகை 24,000. மளிகை, காய், சமையல் ஆள் 9,000. மண்டபத்தில் தங்கியது 5,400. டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் 3,000. இதிலிருந்து நான்கு பேர் கடைசி நேரத்தில் நின்றுவிட்டால் வேன் வாடகை குறையாது, மீதிப் பேர் தலையில் ஏறும். அதனால் பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்கிவிடுங்கள், சொந்தக்காரர் என்று பார்க்காதீர்கள்.

மஞ்சள் போர்டு வண்டிதானா என்று பாருங்கள். தெரிந்தவரின் வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தால் நாளைக்கு ஆயிரம் இரண்டாயிரம் மிச்சமாகும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். வேனில் அடுப்பு, சிலிண்டர் எடுத்துப்போய்ப் பழகினவர்கள் அதே பழக்கத்தில் ரயிலுக்கும் எடுத்துப் போகவே கூடாது. 2023 ஆகஸ்ட்டில் மதுரையில் நின்றிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டியில் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

பேக்கேஜ்ல போயிட்டா தொல்லையே இல்லீங்களே?

பெரியவர்களுக்கு, மொழி தெரியாத தூரத்துக்கு நல்லதுதான். சுற்றுலா ரயில்கள் விடும் பாரத் கௌரவ் திட்டத்தில் நாட்டின் முதல் தனியார் ரயிலே 2022 ஜூனில் கோவையிலிருந்துதான் சீரடிக்குக் கிளம்பியது. இந்தப் பக்கத்தில் அவ்வளவு பேர் போகிறார்கள். பணம் கட்டும் முன், எந்த வகுப்பு, ரூமில் எத்தனை பேர், நுழைவுச்சீட்டும் உள்ளூர் வண்டியும் சேர்த்தா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நாங்கள் ஒரு தடவை வாய்ப்பேச்சை நம்பி ஆளுக்கு 4,500 கட்டிப் போய், அங்கே உள்ளூர் வண்டிக்கு மட்டும் ஆளுக்கு 1,100 தனியாகக் கொடுத்தோம்.

போன்ல பாத்தா மாசத்துக்கு ஒரு நாடு போறாங்களே, அவங்களுக்கெல்லாம் எப்படி?

பல வழி. சிலருக்குக் கம்பெனியே அனுப்புகிறது. திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் வேலையில் இருப்பவர்கள், சரக்கு வாங்குகிற பையர்களைச் சந்திக்கவும் கண்காட்சிக்கும் போவது அப்படித்தான். சிலருக்கு ரூமும் விமானமும் விளம்பரத்துக்காகக் கிடைப்பது. சிலருக்குக் குடும்பச் சொத்து. இன்னும் சிலருக்குக் கடன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி தெரியும்.

எங்கள் சொந்தத்தில் நாட்டை அதிகம் பார்த்தவர் என் மாமா. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர் போடப் போனவர். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஒடிசா என்று மாதக்கணக்கில் இருந்து வருவார். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களும் அப்படித்தான். அந்த மாமா சொல்லித்தான் நான் முதன்முதலில் பாலைவனத்து ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டேன். வேலையாகப் போகிறவர்களும் பயணிகள்தான்.

லோன் போட்டுப் போலாமுங்களா? இஎம்ஐல டூர்னு விளம்பரம் வருதே.

வேண்டாம். 60,000 ரூபாயை 14 விழுக்காடு வட்டியில் இரண்டு வருடத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 2,880 கட்ட வேண்டும். முடிக்கும்போது 69,000-க்கு மேல். வட்டி மட்டும் ஒன்பதாயிரம், எங்களுக்கு அது வால்பாறை, கொல்லிமலை இரண்டும் சேர்ந்ததைவிட அதிகம். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் மாதம் 3.75 விழுக்காடு வரைகூடப் போடுகிறார்கள், வருடத்துக்கு 45. அதே 2,880-ஐ முன்னால் சேர்த்தால் 21 மாதத்தில் அறுபதாயிரம் கையில் இருக்கும். கடன் வாங்கிப் போனவர் திரும்பி வந்ததும் அடுத்த இரண்டு வருடம் எங்கும் போக முடியாமல் போகிறது. அடிக்கடி போக ஆசைப்படுகிறவருக்கு அது சரிப்படாது.

வெளிநாடு ஒரு தடவையாவது போகணும். அதுக்கு என்ன வழி?

அதற்குத் தனியாகச் சேருங்கள், வருடப் பயணக் காசோடு கலக்காதீர்கள். நாங்கள் இரண்டு வருடம் தனியாகச் சேர்த்து மலேசியா போனோம். முதலில் பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு 36 பக்கம் 1,500 ரூபாய், பத்து வருடம் செல்லும். அவசரமில்லாதபோதே எடுத்துவிடுங்கள், தட்காலில் 2,000 கூடும்.

விமானத்தைக் கோவையில் மட்டும் பார்க்காதீர்கள். கோவை, கொச்சி, திருச்சி மூன்றும் நமக்குப் பஸ்ஸில் எட்டுகிற தூரம். மூன்று பேர் டிக்கெட் என்றால் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் வரும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா இல்லாமல் அனுமதித்தது, இந்தச் சலுகைகள் மாறும் என்பதால் டிக்கெட் போடும் முன் பாருங்கள். நேபாளம், பூடானுக்கு விசா வேண்டாம். ஆனால் பூடானில் இந்தியருக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் உண்டு, அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நம் ஊர் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் பல வங்கிகள் 3.5 விழுக்காடு வரை கூடுதலாகப் பிடிக்கும்.

பொம்பளைங்க மட்டும் போனா செலவு கூடுமா?

கொஞ்சம் கூடும், அதைக் கூட்டத்தான் வேண்டும். நானும் இரண்டு தோழிகளும் போகும்போது ரூமில் மட்டும் மிச்சம் பிடிப்பதில்லை. வெளிச்சமான தெருவில், குடும்பங்கள் தங்குகிற இடமாக எடுப்போம். இருட்டின பிறகு போய்ச் சேருகிற ரயிலைத் தவிர்ப்போம். மிச்சம் வேறு இடத்தில் கிடைக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஊர் சேர்ந்த பிறகு உள்ளூர்ச் சுற்றலுக்கு அது பெரிய உதவி. வெளியூர் மொபசல் பஸ்ஸுக்கு அது கிடையாது.

பெரியவங்களுக்கு ரயில்ல பாதி டிக்கெட்தானே?

இப்போது இல்லை. 2020 மார்ச்சில் அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் உண்டு, பதியும்போது வயதைச் சரியாகப் போடுங்கள். வருமானம் குறைந்த, 60-லிருந்து 70 வயது வரையுள்ள பக்தர்களை அறநிலையத் துறை அறுபடை வீடுகளுக்கும், ராமேஸ்வரத்திலிருந்து காசிக்கும் இலவசமாக அழைத்துப் போகிறது. உங்கள் பகுதி இணை ஆணையர் அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள்.

இந்தக் காசையெல்லாம் சேத்தியிருந்தா ஒரு காடு வாங்கியிருக்கலாமே, கண்ணு?

இதைக் கேட்டவர் என் பெரியப்பா. எங்கள் பக்கத்தில் சொத்து என்றால் மண்தான், அவர் கவலை எனக்குப் புரிகிறது. மகள் படிப்புக்கும் எங்கள் வயதான காலத்துக்கும் தனியாகப் போடுகிறோம், அது முடிந்த பிறகுதான் இந்த 3,000. மாற்றிக்கொண்டது வேறு செலவு. ஐந்து வருடமாகப் புது பைக் எடுக்கவில்லை, பட்டு எடுப்பது கல்யாணத்துக்கு மட்டும்.

மாமியார் 61 வயதில்தான் கடலைப் பார்த்தார். தரங்கம்பாடியில், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு முன்னால். மாட்டு ஏற்பாடு சரியான பிறகு எங்களோடு வந்த முதல் பயணம், தன் செலவைப் பால் காசிலிருந்து தானே கொடுத்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேலே பிடித்தபடி ஒரு மணி நேரம் அங்கேயே நின்றார். “இத்தனை தண்ணியா” என்று அவர் மெதுவாகச் சொன்னதைத்தான் பெரியப்பாவிடம் சொன்னேன்.

சரிங்க, மொதல்ல எங்க போறது?

கொடிவேரி, கோபி பக்கத்தில் பவானி ஆற்றில் குளிக்கிற தடுப்பணை. பஸ் மாறிப் போனாலும் காலையில் கிளம்பிச் சாயந்திரம் வீடு வந்துவிடலாம். பக்கத்திலேயே பவானிசாகர், 1955-இல் கட்டி முடித்த, எட்டு கிலோமீட்டர் நீள மண் அணை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கம்பெனி லீவு விட்ட வார நாள் ஒன்று பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் அதிகமாகத் திறந்தால் குளிக்க விடமாட்டார்கள், கிளம்பும் முன் கோபியில் யாரையாவது விசாரியுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் சேரும், அதற்குள் போய்ச் சேருங்கள். மாற்றுத் துணி ஒரு செட், துண்டு, கட்டுச்சோறு. மீன் வறுவலுக்கு மட்டும் அங்கே காசு கொடுங்கள். வீடு வந்த ராத்திரியே ஆன செலவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அதற்கடுத்த வரியில் வாரம் 200 எந்தச் சனிக்கிழமையிலிருந்து என்று.